மூக்குக் காவல்

தன் மூக்கைப் பெற்ற மகளே காசு கொடுத்துச் செதுக்கியெறியப் போகிறாள் என்று கேட்டபோது வீரபாண்டிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அந்த மூக்கு அவருக்கு அப்பனிடமிருந்து வந்தது. அடியில் அகன்று, நடுவில் ஒரு முடிச்சு புடைத்துக்கொண்டு நிற்கும். அதே மூக்கு உசிலம்பட்டியில் இருக்கிற அக்கா ஒச்சம்மாளுக்கு. அச்சு பிசகாமல் அதே மூக்கு மகள் வசந்திக்கும்.

"எதுக்குடி? மூச்சு முட்டுதா?"

"மூச்சொக்கெ நல்லாத்தான் போகுதுப்பா. காண்றதுக்குத்தான் கொள்ளாது, அசிங்கமா இருக்கு." கேரளத்திலேயே வளர்ந்து மலையாளம் கலந்து பேசுகிற வசந்தி, இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையில் செண்டு விற்கிறாள். "வர்றவங்க எல்லாம் என் மூக்கைத்தான் நோக்குறாங்க."

"வாசனை விக்கிற எடத்துல மூக்கைப் பாக்காம முழங்காலையா பாப்பான்?"

அவள் சிரிக்கவில்லை. "அத்தை மூக்கு எனக்கு வேண்டாம்ப்பா."

"அத்தை மூக்கில்லடி, எம் மூக்கு."

"தெரியும்ப்பா. அதான் சொல்றேன்."

அதற்கப்புறம் அவருக்கும் சிரிப்பு வரவில்லை. தாயில்லாத பிள்ளை, தானே சேர்த்த சீட்டுப் பணம், தடுக்க வாயில்லை.

கொச்சங்காடியில் மிளகாயும் சுக்கும் அடுக்குகிற கிடங்கில் சுமை தூக்குகிறவர் வீரபாண்டி. மூட்டைக்குள் செத்துப்போன எலியைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டு அதே கையைக் கழுவிச் சாயா குடித்தவர்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பேனாவை எடுத்து மகள் முகத்தில் கோடு போட்டபோது அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கசாப்புக்கடைக்காரன் தொங்குகிற ஆட்டில் கத்தி வைக்கிற இடம் பார்ப்பது போலிருந்தது. "இவிடெ எல்லு கொஞ்சம் செத்தணும்" என்றார் டாக்டர், செதுக்குவது எலும்பல்ல, தேங்காய் மட்டை என்பது போல. வசந்தி தலையை ஆட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தாள்.

வெட்டுக்கு முன்னால் பத்தியம் வேறு. இஞ்சி கூடாது, பூண்டு கூடாது, தலைவலி மாத்திரை கூடாது. ரத்தம் கட்டாமல் ஓடுமாம். சப்பென்ற கஞ்சியைக் குடித்துக்கொண்டு அவள் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பிடிக்கப் போனார்.

வெட்டு முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவரைத் தனியே கூப்பிட்டாள். "சேட்டா, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தும்மல் வரப் பாடில்ல, வரவே கூடாது. வந்தாலும் வாய் திறந்து தும்மணும். மூக்கைப் பொத்தினா, அமுக்கினா, கோணிப் போகும். நீங்கதான் பாத்துக்கணும்."

மிளகாய்க் கிடங்குக்காரனிடம் வந்து தும்மலுக்குக் காவல் இரு என்கிறாள்! இருந்தார். வேலை விட்டு வந்தால் பள்ளுருத்தி வீட்டு வாசல் குழாயடியிலேயே உடுப்பைக் கழற்றி, தலை முழுகி, ஈரத்துண்டோடுதான் உள்ளே கால் வைப்பார்.

உள்ளே கிடந்ததைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. கண்ணிரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி இடுங்கிவிட்டன. மூக்கின் மேல் வெள்ளைக் கட்டு. கீழே வைத்த பஞ்சு முதலில் சிவப்பாக நனைந்தது, பிறகு பழுப்பாக, பிறகு மஞ்சளாக. மூக்கால் மூச்சு விட முடியாமல் வாயைத் திறந்தே தூங்கினாள். கடைவாயில் கோழை ஒழுகியது. மூச்சு, மழையில் நனைந்து பூத்துப்போன சுக்கு மூட்டையின் வாடை அடித்தது. வீரபாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பஞ்சு மாற்றினார். குடிகாரன் அடித்துப் போட்டால் போலீசுக்குப் போகலாம். காசு கொடுத்து அடி வாங்கி வந்தவளை எங்கே கொண்டுபோய்ச் சொல்ல?

ஒச்சம்மாள் போன் போட்டு, "புள்ளை ஏன்டா பேச மாட்டேங்குது?" என்று கேட்டாள். அப்பன் மூக்கு ஆகாதென்று அறுத்துக்கொண்டாள் என்று அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? "ஸ்கூட்டர்ல விழுந்துட்டாக்கா" என்றார், மகள் கேட்டுக்கொண்டிருக்க.

பொழுது விடிந்து பார்த்தால் அக்கா வாசலில் நிற்கிறாள், கூடையில் நாட்டுக்கோழி முட்டையோடு.

"ஆத்தாடி! மொகத்தைப் பாருடா, அம்மை போட்ட மாதிரி! எந்தச் சண்டாளி கண்ணு பட்டுச்சோ! மிளகா எடு, சுத்திப் போடணும்."

"மிளகா இல்லக்கா."

"மிளகா மூட்டை தூக்குறவன் வீட்டுல மிளகா இல்லையாக்கும்! எவகிட்டடா கதை விடுறே?" டப்பாவைத் தேடி எடுத்துவிட்டாள். சிரட்டையைப் பற்றவைத்துச் சட்டியில் கங்காக்கினாள்.

"நெடி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருக்கா."

"கிறுக்குப் பயலே, திட்டி பட்டிருக்கையில நெடி எங்கடா வரும்? எம்புட்டு மிளகா போட்டாலும் கமறாம எரிஞ்சு போகும். ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். கண் பட்டிருந்தால் நெடி வராது. படாவிட்டால் வீடே கமறும். இங்கே யாரும் விழவில்லை, யார் கண்ணும் படவில்லை என்பது, மயங்கிக் கிடந்த மகளை விட்டால், அந்த வீட்டில் அவருக்கு மட்டும் தெரியும். ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் வாசல்படியில் போய் நின்றுகொண்டார்.

மாத்திரை மயக்கத்தில் கிடந்த வசந்தியின் தலையை உப்பும் மிளகாயும் மூன்று முறை சுற்றின. "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, தூ! தூ!" கங்கில் விழுந்த மிளகாய் வெடித்தது.

"என்னடா இது, நெடி வருதே?" என்று அக்கா திகைத்தாள். போதவில்லை போலிருக்கிறது என்று கையில் மிச்சமிருந்ததையும் கொட்டினாள்.

தொண்டையை அறுக்கிற புகை. வசந்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தும்மல் வந்த பதற்றத்தில் வாயைத் திறக்க மறந்து, இரண்டு கையாலும் மூக்கைக் கட்டோடு சேர்த்துப் பொத்தினாள். உள்ளங்கைக்குள்ளேயே வெடித்தது. விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. அதோடு ஈரல் துண்டு போல ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு வந்து, ஓடி வந்த வீரபாண்டியின் புறங்கையில் விழுந்தது. வெதுவெதுவென்று இருந்தது.

"கட்டைப் பிரிடா, மூச்சு முட்டுது பாரு!" என்று ஒச்சம்மாள் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கத்தை!" வசந்தி ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினாள். "விழவும் இல்ல, ஒன்னும் இல்ல! ஆபரேஷன்! மூக்கை அழகாக்க!"

ஒச்சம்மாள் தம்பியைப் பார்த்தாள். கை தன்னால் போய்த் தன் மூக்கைத் தடவிற்று. "இந்த மூக்கு ஆகலையாக்கும்" என்றாள். சட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். முட்டைக் கூடையையும் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தினார்கள். நாள் வந்ததும் கட்டுப் பிரித்தார்கள். ஊறி வெளுத்த தோலில் எண்ணெய்ப் பிசுக்கும் உரிசலும் ஒட்டிக்கொண்டிருக்க, அதற்குள்ளிருந்து புது மூக்கு வந்தது. முடிச்சு இல்லை. ஒல்லிதான். ஆனால் நுனி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வீக்கம் வடியட்டும், ஒரு வருஷம் கழிச்சு நோக்காம் என்றார் டாக்டர்.

வசந்தி போனில் முகத்தைப் பார்த்தாள். சத்தமில்லாமல் கண்ணீர் இறங்கியது.

வீரபாண்டியின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. என் மூக்கை வெட்டிப் போட்டால் மட்டும் போய்விடுவாயா என்று கேட்டுக்கொண்டு அது உள்ளே இனித்தது. என்னவென்று புரிந்த மறுகணம் குமட்டிக்கொண்டு வந்தது. பஞ்சையும் கோழையையும் பார்த்து வராத வாந்தி. கை கழுவும் தொட்டிக்கு ஓடினார்.

அவர் வாய் துடைத்துக்கொண்டு வந்தபோது வசந்தி வெளியே ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அத்தை பாவம். அறியாம செஞ்சது" என்றாள். பிறகு, "நான் உறங்கும்போ, அத்தை மிளகா போடும்போ, நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"வாசல்லதான்."

"வெளியிலயா போயிருந்தீங்க?"

"இல்ல. படியில நின்னுட்டிருந்தேன்."

வசந்தி அவர் முகத்தையே பார்த்தாள். ஆட்டோவில் ஏறி, ஓரத்துக் கம்பியோடு ஒடுங்கி, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.