இரண்டு மீட்டர் வெயில்

கட்டடம் எழுவதற்கு முன்பே அதன் மூலைகளில் கம்பம் நட்டுவிடுவது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். எங்கே நிற்கும், எவ்வளவு உயரும் என்று ஊரார் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆட்சேபணை இருந்தால் இருபது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். ஊரின் புதிய விளையாட்டுக் கூடத்துக்காகப் புல்வெளியில் கம்பங்கள் நட்டு இருபது நாளாகியும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தக் கடைசி நாள் மத்தியானம்தான் உர்சினா அங்கே போய் நின்றாள். ஊராட்சி அலுவலகத்தில் கட்டட வேலைகளைப் பார்ப்பவள் அவள். சாலையோரம் நின்று கம்பத்தின் நுனியைப் பார்த்தவள், கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்தாள். புல்வெளி, சாலையைவிட இரண்டு மீட்டர் பள்ளம். வரைபடத்தில் கூரையின் உயரம் ஒன்பது மீட்டர், சாலை மட்டத்திலிருந்து. கம்பம் நடுபவர்களுக்கு அவள் எழுதிய சீட்டில் ‘ஒன்பது மீட்டர்’ என்று மட்டும் இருந்தது. அவர்கள் புல்லிலிருந்து அளந்துவிட்டார்கள். நிஜக் கட்டடம் கம்பத்தைவிட இரண்டு மீட்டர் மேலே நிற்கும்.

திரும்பிப் பார்த்தாள். புல்வெளிக்கு வடக்கே முதியவர் பால்ஸ் ஹோஸ்லியின் சமையலறை ஜன்னல். மலைக்குப் பின்னால் சூரியன் பதுங்கிவிடும் அந்தக் குளிர்கால மாதங்களில், நடுப்பகலில் ஒரு மணி நேரம் அந்த ஜன்னலுக்கு மட்டும் வெயில் வரும். மனைவி போன பிறகு பால்ஸ் அந்த ஒரு மணி நேரத்தை வேறு எதற்கும் கொடுத்ததில்லை. அந்த இரண்டு மீட்டர் எழுந்தால் வெயில் அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம். சொன்னால் கம்பங்களை உயர்த்தி நட வேண்டும், இருபது நாள் மறுபடி முதலிலிருந்து. மறுநாள் நடக்கவிருந்த ஊர்க்கூட்டம் தள்ளிப்போகும். அடுத்த கூட்டம் வரும் வருஷம் ஜூனில். புதிய கட்டடத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்ட டாக்டரோ, ஊரின் முடிவுக்கு இந்த டிசம்பர் வரைதான் காத்திருப்பேன் என்று எழுதியிருந்தார்.

அவள் மகள், ஆறு வயது செரைனாவுக்கு வலிப்பு வரும். ஊரில் டாக்டர் இல்லாமல் போய் இரண்டு வருஷம். போன மார்ச்சில், நகர ஆஸ்பத்திரிக்கு ரயிலில் ஐம்பது நிமிஷம், விறைத்த அந்தச் சின்ன உடம்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாக எண்ணியது உர்சினாவின் கைகளுக்கு இன்னும் மறக்கவில்லை. புதிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மருத்துவ அறையை முதலில் வரையச் சொன்னதே அவள்தான்.

மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை, பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. ஐந்து வருஷத்தில் ஊர் அப்படிப் பெருத்திருந்தது.

“இங்க மழை பேஞ்சா பந்து விளையாடறதா, நீச்சல் அடிக்கறதான்னு தெரியலப்பா!” என்றான் கைப்பந்துக் குழுத் தலைவன்.

“நீ விளையாடற லட்சணத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்,” என்றது பின்வரிசை.

“டாக்டர்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள காய்ச்சலே சலிச்சுப் போய் எறங்கிடுது,” என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

சிரிப்பு அடங்கியதும் ஊர்த்தலைவி கேட்டாள்: “வேற யாராவது பேசணுமா?”

உர்சினா முன்வரிசையில், மடியில் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றது மனம். அவள் வரைபடத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தது பால்ஸ். “கம்பத்தப் பார்த்தேன். என் ஜன்னல்லேர்ந்து தெனமும் பார்த்தேன். கம்பம் காட்டற உயரந்தான் கட்டடம்னா, எனக்கு ஆட்சேபணை இல்ல.” சொல்லிவிட்டு உடனே உட்காரவில்லை. முன்வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

“ஆதரிக்கறவங்க கை தூக்குங்க. எண்ணி முடிக்கிறவரைக்கும் எறக்காதீங்க,” என்றாள் ஊர்த்தலைவி.

உர்சினாவும் தூக்கினாள். எண்ணுபவர்கள் இரண்டு பேர், ஒவ்வொரு வரிசையாக வந்தார்கள். நடுவில் கணக்குத் தப்பி முதலிலிருந்து தொடங்கினார்கள். தோள் வலித்தது, விரல்கள் மரத்தன. அத்தனை கைகளுக்கு நடுவே அவள் கை யாரோ கட்டித் தொங்கவிட்டதுபோல நின்றது. இப்போதுகூட இதே கையோடு எழுந்து நின்றால் போதும் என்று நினைத்தாள். அதற்குள், “போதும், எறக்கலாம்,” என்றார்கள். எதிர்ப்பு நான்கே பேர்.

கைதட்டல் முடிந்து ஒயினும் பாலாடைக்கட்டியும் வந்தன. உர்சினா ஒன்றையும் தொடாமல் கோட்டை எடுக்கப் போனாள். பால்ஸ் அங்கே தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மீட்டர் கம்மி,” என்றார், திரும்பாமலே.

அவள் கோட்டில் பாதிக் கை நுழைந்தபடி நின்றுவிட்டாள்.

“நாப்பது வருஷம் கூரை போட்டவன், வரைபடமும் பார்த்தவன். கம்பம் நட்ட அன்னிக்கே கண்ணுல பட்டுடுச்சு. நேத்து நீ வந்து தலையத் தூக்கிப் பார்த்துட்டு நின்னியே, அதையும் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்.”

“பால்ஸ்... தெரிஞ்சுமா எழுதிக் குடுக்கல? ஏன்?”

“செரைனாவுக்கு டாக்டர் வேணும். அதுக்காகத்தான் கை தூக்கினேன். வெயில விட்டுக் குடுக்க என்னால முடியும்.” தொப்பி கிடைத்துவிட்டது. அதைத் தட்டித் தட்டித் தூசி போக்கினார். “நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன், உர்சினா. எந்திரிச்சுக் கேப்பியான்னு பார்த்துட்டே நின்னேன்.”

“நான்...”

“ஜனவரில காபிக்கு வா. இந்தக் குளிர்காலத்துக்கு வெயில் இருக்கும். அடுத்த குளிர்காலமும் வா, வெயில் இல்லேன்னாலும். வராம இருந்துடாத.”

அவர் போன பிறகும் அவள் அந்தக் கோட்டுக்குள் இன்னொரு கையை நுழைக்கவில்லை. உள்ளே யாரோ அவள் பெயரைச் சொல்லி, இந்தக் கட்டடம் வர அவள்தான் காரணம் என்று கோப்பையைத் தூக்கினார்கள்.