மடிப்பு வைத்த கை

சோபிகாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒஸ்லோவில் வெல்டிங்கில் தன்னை வெல்ல ஆளில்லை என்று அவளே சொல்லுவாள், அது பொய்யுமில்லை. அந்த வாயோடுதான் ஆன்ட்ரியாஸின் கொட்டகைக்குப் போனாள்.

ஓய்வுபெற்ற எஞ்சினியரான அவர், நூறு வருடம் தாண்டிய ஒரு விமான எஞ்சினைத் திரும்ப ஓடவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரால் குளிர்கிற எஞ்சின். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய இரும்புத் தகட்டில் ஒரு சட்டை, நடுவில் தண்ணீர். பாரம் குறையவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தகட்டை வளைத்து வெல்டிங்கில் ஒட்டியிருந்தார்கள். ஆறாவது சட்டை துருவில் போய்விட்டது. சோபிகா புதிதாக ஒன்று செய்து கண்ணாடி போல வழவழவென்று ஒட்டினாள். பழைய ஐந்திலும் ஒட்டுக்குப் பக்கத்தில் தகடு மடிந்து மேடு தட்டியிருந்தது. அரைகுறை வேலை, ஐந்தையும் வெட்டிப் புதிதாகச் செய்வோம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தண்ணீர்ச் சோதனையில் உன்னுடையது நின்றால் திங்கட்கிழமை வெட்டு என்று அவர் அரைமனதாகச் சொன்னார்.

சனிக்கிழமை தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தார்கள். ஒரு துளி கசியவில்லை. சோபிகாவுக்குத் தலைகால் தெரியவில்லை. ஐந்து சட்டையிலும் வெட்டவேண்டிய இடத்தில் சோக்கால் கோடு போட்டாள். சோதனை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுவது அவள் பொறுப்பு. பக்கத்து நகரமான திராமனில் சொந்தக்காரப் பிள்ளையின் பூப்பு விழா, சாமத்திய வீடு, நேரமாகிவிட்டது என்று அந்தரப்பட்டு ஓடினவள் அதை மறந்தே போனாள்.

ஞாயிறு காலை திராமனில் கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டும்போதுதான் வடிக்காத தண்ணீர் நினைவுக்கு வந்தது. இரவு மைனஸ் பன்னிரண்டு. கொட்டகையில் ஹீற்றர் இல்லை. உறைந்த தண்ணீர் ஊதினால் எஞ்சினின் கதி அவ்வளவுதான். ஆன்ட்ரியாஸுக்குப் போன் எடுத்துத் தான் மறந்ததைச் சொன்னாள். கணவன் ரிசாந் காரை விரட்டினான்; அவள் விழாவுக்குக் கட்டின சேலையைக்கூட மாற்றவில்லை.

ஆன்ட்ரியாஸ் வெளியூரில் நின்றதால் இவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். இரவல் ஹீற்றரை வைத்து மெல்ல மெல்ல உருக்கினார்கள். பழைய ஐந்தும் மடிப்பில் கொஞ்சம் விரிந்து கொடுத்து, ஒழுகாமல் அப்படியே நின்றன. ஆறாவதில், அவளுடைய வழவழத்த ஒட்டின் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு வெடிப்பு. தண்ணீர் சொட்டியது.

“அவர் வர முந்தி இதை ஒட்டிவிடும், சோபிகா. ஆருக்குத் தெரியப்போகுது?” என்றான் ரிசாந்.

அவள் பழைய மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின பிறகுதான் அவளுக்கு நிலம் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

“இது அரைகுறை இல்லையப்பா. சூட்டிலை இரும்பு ஊதும் எண்டு தெரிஞ்சு, அதுக்கு இடம் விட்டு மடிச்சிருக்கிறாங்கள். என்ன மூளை! எஞ்சின் ஓடியிருந்தாலும் என்ரை வெடிச்சிருக்கும். நான் இதைத்தானே வெட்டப் பாத்தனான்.”

ஆன்ட்ரியாஸ் மூச்சிரைக்க வந்தார். சோபிகா முதலில் தன் வெடிப்பைத்தான் காட்டினாள். பிறகு சாமத்திய வீட்டுச் சேலைத் தலைப்பால் ஐந்து சோக்குக் கோட்டையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கடைசியில் சோக்கை எடுத்து ஆறாவதில், தன்னுடையதில், ஒரு கோடு போட்டாள்.