பதினான்கு இராச்சாப்பாடுகள்

ஜெயராணி இத்தாலியிலிருந்து திரும்பிய அன்று வத்தேகமவில் சூரியன் ஏழு மணி நேரம் மறையாமல் நின்றது. கண்டி பஸ்கள் நேரப்படியே ஓடின. புடவைக்கடை முஹைதீன் கைகால் கழுவிக்கொண்டு அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்காகக் காத்திருந்தார். முற்றங்களில் காயப்போட்ட மிளகு நன்றாகக் காய்ந்தது.

பதினான்கு வருடங்களுக்கு முன் அவள் விமானம் ஏறியபோது மகள் நிஷாந்தினிக்கு நான்கு வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கை அங்கே ஒரு மலைச்சரிவில் திராட்சை பறித்தது. விசாப் பத்திரங்கள் இந்த வருடம்தான் சரிவந்தன. அதுவரை போனவளால் வர முடியவில்லை. இரண்டாம் வருடம், ஊருக்கு வந்த ஒருத்தியிடம் ஒரு போத்தல் சிவப்பு வைன் கொடுத்தனுப்பினாள். அது தன் கையால் பறித்த பழத்தில் செய்தது என்றும், வந்ததும் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும்போது திறக்கலாம் என்றும் போனில் சொன்னாள். கணவன் இளங்கோ கண்டியில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்தவன். வைனின் குணம் அவனுக்குத் தெரியும். குசினித் தரையைத் தோண்டி, செங்கல் அடுக்கி, தக்கை காயாதபடி போத்தலைப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டான். அந்தப் பலகைமேல் நின்றுதான் நிஷாந்தினி சமைக்கப் பழகினாள்.

வந்து இறங்கிய தாயிடம், "டீ குடிக்கிறீங்களா?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோல அவள் கேட்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றாள். தகப்பனுக்காகத்தான் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

இளங்கோ பலகையைத் தூக்கிப் போத்தலை எடுத்து, தக்கையை உருவி இரண்டு கிளாசில் கொஞ்சம் ஊற்றினான். ஜெயராணி ஒரு வாய் குடித்ததும் எதிர்க் கதிரையில், நிஷாந்தினி இருந்த இடத்தில், நான்கு வயதுப் பிள்ளையாக அவளே இருந்தாள். ஜெயராணி சோற்றைப் பிசைந்து, உறைப்புப் போகக் கோழித்துண்டைத் தண்ணீரில் அலசி ஊட்டினாள். அடுத்த முறை ஊற்றியபோது பிள்ளைக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று அழுதது. ஏழில் முன்பல் இரண்டும் இல்லை. ஒன்பதில் காய்ச்சல், ரசம் மட்டும் போதும் என்றது. இளங்கோ இதையெல்லாம் ஏற்கனவே ஒருமுறை பார்த்தவன்; நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு வயதுக்காரி தட்டைத் தொடவில்லை. அந்த வருடம் அவள் பெரியவளானபோது தலைக்குத் தண்ணீர் ஊற்ற அத்தைதான் வந்தாள்.

"நீ ஏன் வரல?"

பத்திரங்களைப் பற்றிச் சொல்ல ஜெயராணியிடம் நிறைய இருந்தது.

"வந்திருக்கணும்" என்றாள்.

பிள்ளை அழுது முடிக்கும்வரை இளங்கோ அடுத்ததை ஊற்றவில்லை. அந்த ஒரு சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது.

பதினேழாம் வயதோடு போத்தல் காலியானது. வெளியே சூரியன் மறைந்து இருட்டி, பாங்கு கேட்டது. பதினெட்டு வயது நிஷாந்தினி, குழம்பு ஆறிவிட்டது என்று எழுந்துபோய்ச் சூடாக்கிக்கொண்டு வந்து மூவருக்கும் பரிமாறினாள். மறுநாள் ஊரில் அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

மூன்று வாரத்தில் லீவு முடிந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வேனில் ஏறியபோது, இந்த வருடப் பழத்தில் நல்லதாக ஒரு போத்தல் அனுப்புவதாக ஜெயராணி சொன்னாள்.

"போத்தல் வேணாம்மா. நீ வா" என்ற நிஷாந்தினி, வழிக்குக் கட்டிய சோற்றுப் பார்சலைத் தாயின் மடியில் வைத்தாள்.