இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்

இலவச சட்ட உதவி அறையில் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே வக்கீலம்மாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. காரணம் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அங்கே இரண்டு வக்கீல்கள் உண்டு. அவர்கள் அந்த மாதம் முடித்துவைத்த வழக்குகளின் எண்ணிக்கையை குமாஸ்தா தினமும் அந்தப் பலகையில் எழுதுவார். எதிர் மேசைக்காரருக்கு நாற்பத்தொன்று. வக்கீலம்மாவுக்குப் பதினேழு.

எதிர் மேசைக்காரரை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒன்றும் மாயம் செய்யவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே ஒரு பேரத்துக்கு வழி வைத்திருக்கிறது. தப்பு செய்துவிட்டு வருந்துகிறவனுக்கு அது நல்ல வழிதான். எக்ஸ்பிரஸ் அப்படியெல்லாம் ஆள் பார்ப்பதில்லை. வந்தவனையெல்லாம் அந்த வழியிலேயே ஏற்றி அனுப்பிவிடுவார். ஒரு நாளைக்கு நூற்றிப்பத்து வழக்குகளைக் கேட்டுக் களைத்துப்போன நீதிபதிக்கு அவரைக் கண்டாலே முகம் மலர்ந்துவிடும்.

"சார் மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா இந்தக் கோர்ட்டு உருப்பட்டுடும்" என்று போன வாரம் நீதிபதி எல்லோர் எதிரிலும் சொல்லியும் விட்டார். வக்கீலம்மா அந்த வார்த்தையை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள். பாத்திரம் தேய்க்கும்போதும் அதுதான் காதில் கேட்டது. பத்து வருஷமாக ஒவ்வொரு பைலையும் வரி விடாமல் படிக்கிறவளை ஒரு நாளாவது யாராவது ஒரு வார்த்தை பாராட்டியிருப்பார்களா?

அன்றைக்கு அவள் கையில் இருந்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் பைல். அடுக்குமாடி வீடு ஒன்றில் வளையல் காணாமல் போயிருந்தது. மூன்று மணிக்குக் கழற்றி வைத்தேன், நாலு மணிக்குக் காணோம் என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். அன்று அந்தக் கட்டடத்துக்குள் வந்த ஒரே வெளியாள் மெக்கானிக்தான் என்று போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் ஐம்பது நாளாக உள்ளே கிடந்தான்.

"நான் அந்த வீட்டு வாசப்படிகூட மிதிக்கலம்மா" என்றான், கோர்ட்டு லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ரெண்டு மணிக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். மோட்டார் ரூம்ல ஒரு அட்டை தொங்கும். எப்ப வந்தேன், எப்ப போனேன்னு வாட்ச்மேன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாரு. அதை மட்டும் வரவழைங்க."

வேறு மாதமாக இருந்திருந்தால் அவள் அங்கேயே மனு எழுத உட்கார்ந்திருப்பாள். இப்போது கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது அந்த நாற்பத்தொன்று.

"அதுக்கு மனு போட்டா அடுத்த வாய்தா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் விழும். அதுவரைக்கும் நீங்க உள்ளதான். ஒத்துக்கிட்டீங்கன்னா இருந்த நாளையே தண்டனையா எடுத்துக்குவாங்க. இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மெக்கானிக்குக்கும் ஒரு பொறாமை இருந்தது. அவனோடு அடைபட்டிருந்த பைக் திருடன், நாலு பைக் தூக்கியதைக் கதை கதையாகச் சொன்னவன், எக்ஸ்பிரஸ் புண்ணியத்தில் போன செவ்வாய்க்கிழமை வெளியே போய்விட்டான். செய்தவன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான், செய்யாத நான் இங்கே கொசுக்கடியில் கிடக்கிறேனே என்று நினைத்து நினைத்து அவன் மாய்ந்துபோயிருந்தான்.

"சரிம்மா, எழுதுங்க" என்றான்.

தாழ்வாரத்தில் அவன் மனைவி வழிமறித்தாள். "மேடம், திருடன்னு கோர்ட்டே எழுதிட்டா அப்புறம் இவரை எந்தக் கட்டடத்துல உள்ள விடுவாங்க? நாலு குடும்பம் இருக்கற எடத்துலதானே லிஃப்டே இருக்கு?"

"உங்க புருஷன் இன்னைக்கு வீட்டுக்கு வரணுமா, வேணாமா?"

அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டாள்.

கோர்ட்டில் அவர்கள் முறை வருவதற்குள் எக்ஸ்பிரஸ் மூன்று வழக்குகளை முடித்துவிட்டார். வக்கீலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மனுவை நீட்டினாள். சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வியை, நீதிபதி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஒத்துக்கச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"யாரும் கட்டாயப்படுத்தலீங்கய்யா" என்றான் மெக்கானிக். "அம்மாவுக்கு அவசரம். உங்களுக்கு அவசரம். எனக்கும் வீட்டுக்குப் போற அவசரம். நீ செஞ்சியாடான்னு மட்டும் இந்த அம்பது நாள்ல யாரும் கேக்கல."

நீதிபதியின் பேனா நின்றது. வக்கீலம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதனை அவள் ஒரு எண்ணாக அல்லவா பார்த்திருக்கிறாள்! பதினெட்டாவது எண்ணாக!

"ஐயா, இந்த மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள். "இவர் செய்யலன்னு என்கிட்ட சொன்னாரு. நான்தான் காதுல போட்டுக்கல. ஒரு அட்டையை வரவழைக்கணும். சீக்கிரமா ஒரு தேதி குடுங்க."

நீதிபதி எதிரே குவிந்திருந்த கட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை" என்றார்.

மெக்கானிக் இன்னும் நாலு நாள் உள்ளே இருந்தான். வெள்ளிக்கிழமை அட்டை வந்தது. அவன் கிளம்பிய நேரம் ஒன்று ஐம்பது என்று அதில் இருந்தது. வாட்ச்மேனும் நேரில் வந்து, அது தன் கையெழுத்துதான் என்றார். அவனை விடுவித்து உத்தரவு போட்டார்கள்.

"அன்னைக்கே முடிஞ்சிருக்க வேண்டிய கேஸு. அஞ்சு நிமிஷ வேலையை நாலு நாள் இழுத்துட்டீங்களே" என்று சிரித்தார் எக்ஸ்பிரஸ்.

வக்கீலம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு அவர் மேல் துளிகூடப் பொறாமை வரவில்லை.

"உங்களைப் பாத்து வயிறெரிஞ்சு, ஒரு நல்ல மனுஷனை நானே திருடனாக்கப் பாத்தேன் சார். கோர்ட்டுல ஆயிரம் கேஸு குவிஞ்சு கெடக்கட்டும். அது நம்ம கஷ்டம். அந்தக் கஷ்டத்தைக் கொறைக்கறதுக்காக, செய்யாத குத்தத்தை ஒருத்தன் தலையில ஏத்தறதுக்கு நமக்கு என்ன சார் உரிமை இருக்கு?"