பாதி காதில் விழுந்த சொல்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேலிடம்' என்பார்கள். கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சுமையை ஏற்றி இறக்குகிறவருக்கு வேறென்ன பட்டம் கொடுப்பது? சிமென்ட் மூட்டை மேலே போக வேண்டுமென்றாலும் மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று கேலி பேசுவார்கள். கீழே நின்று வாக்கி டாக்கியில் கைச் சைகை காட்டாமல் வாயாலேயே ஏற்று, இறக்கு என்று அவருக்குச் சொல்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவர் சிபாரிசில் வேலைக்கு வந்தவன். வாய் ஓயாதவன், ஆனால் வேலையில் சுத்தம்.

ஒரு மழைநாளில் ஏணியில் சறுக்கி மேலிடத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது இடுப்பை மட்டுமா அமர்த்தியது? மனசிலிருந்த அத்தனை கவலையையும் மெத்தை போட்டுத் தூங்க வைத்தது. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. இந்த டாக்டர் மறுத்தால் அந்த டாக்டர். முகத்தைச் சுளித்து முனகுவதில் மனுஷன் பெரிய நடிகனாகிவிட்டார். சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில், மழைக்கோட்டுப் பையில், கூண்டின் சீட்டுக்கு அடியில், எங்கே கையை விட்டாலும் மாத்திரை. மனைவிக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் காதுக்குள் இரைச்சல் ஆரம்பித்தது, குழாயைச் சரியாக மூடாத மாதிரி. வீட்டில் டிவி சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. காது என்ன செவிடா என்று மனைவி கேட்டாள், எல்லாப் பெண்டாட்டிகளும் கேட்கிறதுதான். அவரும் எல்லாப் புருஷன்களையும் போலச் சிரித்து மழுப்பினார். டாக்டரிடம் போனால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள், மாத்திரை தெரிந்தால் கிரேன் கைவிட்டுப் போகும் என்ற பயம். யார் பேசினாலும் சொல்லின் முன்பாதி விழுந்தது, வால் விழவில்லை. மீதியை ஊகித்து ஒப்பேற்றினார். அட, நம் பேச்சில் வேண்டாம் என்பதே சொல்லின் வாலில்தானே இருக்கிறது!

அன்று கம்பிக்கட்டு தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அது உட்கார வேண்டிய மரக்கட்டை கோணிக் கிடக்க, மச்சினன் குனிந்து வலது கையால் அதை நேராக்கினான். இடது கையில் வாக்கி டாக்கி.

"எறக்காத மச்சான்" என்றான்.

மேலிடத்தின் காதில் 'எறக்' மட்டும் விழுந்தது. இறக்கினார்.

விசாரணை நடந்தது. சுமையை நிறுத்தச் சொல்ல 'நில்' என்ற ஒரே சொல்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. இவன் வீட்டுப் பேச்சைப் பேசியிருக்கிறான், ஆகவே தப்பு இவனுடையது, நஷ்டஈடு கிடையாது, வேலையும் கிடையாது என்று சூப்பர்வைசர் முடிவு கட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனும் ஆமாம், என் வாய்தான் என்று ஒத்துக்கொண்டான். அக்கா வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. மேலிடம் பக்கத்திலேயே நின்றார், வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் ஒரு மனுஷனா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான்.

காட்டிக்கொடுத்தது மச்சினனின் ஈனக்குரல். அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தபோது, அவள் சாப்பிட்டாளா என்று அவன் கேட்க, மேலிடம் வலியெல்லாம் போயிடும்டா என்றார். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கையைப் பிடித்து அதே ஆஸ்பத்திரியின் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஹெட்போன் மாட்டிச் சோதித்தார். இடது காது அநேகமாகப் போயிற்று, வலது காது போய்க்கொண்டிருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். இடுப்புக்கு ஏதோ ஒண்ணு ரெண்டு என்று மனைவி முந்திக்கொண்டாள். டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை போடுறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எண்ணுறதில்லம்மா" என்றார்.

அளவு மீறினால் இந்த மாத்திரை காதையும் தின்னும், போனது திரும்புவது அரிது, இருக்கிறதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, இங்கேயே படுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் மனைவி அவருடைய வலது காதருகே வந்து, அன்னைக்கு அவன் சொன்னது உங்களுக்குக் கேக்கலையா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

அங்கிருந்து நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனார். அவன் சரியாகத்தான் சொன்னான், எனக்குத்தான் கேட்கவில்லை, இத்தனை மாதமாகக் கேட்கவில்லை, காரணம் இது என்று மாத்திரை அட்டைகளை மேஜையில் கொட்டினார். கிரேன் அன்றோடு போயிற்று. மச்சினனுக்குச் சேர வேண்டியது சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

கட்டிலருகே நின்று மச்சினனிடமும் எல்லாவற்றையும் சொன்னார். செவிட்டில் ஒன்று விட்டால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். மச்சினன் கட்டுப்போட்ட வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று விரல் இல்லாத கை. பிறகு உதடு அசைந்தது. மேலிடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

அவள் குனிந்து, ஒரு சொல்லையும் குறைக்காமல் அவர் காதில் சொன்னாள்.

"காது கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பேசியிருக்கவே மாட்டேன் மச்சான், கையக் காட்டியிருப்பேன்னு சொல்றான்."