முப்பத்தேழாம் பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெர்னா பிக்கார்ட் பின்னறையில் புதுச் சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கடையின் முன்கண்ணாடி முழுசாகச் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. பேஸ்பால் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மூன்று பேர். ஒருவன் அலமாரிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் அவள் தம்பி லைலை கல்லாவுக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

வெர்னா முதலில் கண்ணில் பட்டவனின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்தது மட்டை வழியாக அவள் கைக்கே தெரிந்தது. அவன் ஊளையிட்டான். இரண்டாமவன் போகிற போக்கில், இரும்புக் கம்பியால் லைலின் முகவாயில் ஓர் அடி போட்டுவிட்டு ஓடினான். அவர்கள் வந்த பிக்கப் வண்டி மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. பக்கத்து டயர் கடை வாசலில் அப்போது ஆறு பேர் நின்றிருந்தார்கள். போலீஸ் கேட்டபோது ஆறு பேருமே குனிந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த ஊரில் அன்றைக்குக் காற்றில்லாத டயரே மிச்சமிருந்திருக்காது.

இத்தனைக்கும் லைல் செய்த குற்றம் ஒரு காமிக்ஸ் புத்தகம் விற்றது.

குழந்தைகள் புத்தகமெல்லாம் கடைக்கு முன்பக்கம். பெரியவர்கள் படிக்கிறது பின்னால், திரைக்கு அந்தப்பக்கம், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்தது. நான்கு மாதம் முன்னால் பனியன் போட்ட ஒருவன் வந்து திரைக்குப் பின்னால் போனான். ஜப்பானிலிருந்து வந்த ஒரு கதைப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தை எடுத்துவந்தான். லைல் லைசென்ஸ் வாங்கிப் பார்த்தான். நாற்பத்தொரு வயது. கொடுத்தான். பனியன்காரன் போலீஸ்காரன். அடுத்த வாரம் கடைக்கு வந்து, ஆபாசப் பொருள் விற்றதாகச் சொல்லி லைலின் கையில் விலங்கு மாட்டினார்கள். கடை வெர்னா பேரில் இருந்தும், விற்ற கை அவன் கை என்று அவனைத்தான் பிடித்தார்கள். டெக்சஸில் அதற்கு ஒரு வருஷம் வரை ஜெயில்.

லைலுக்கு முப்பத்தொன்பது வயது. கடைக்குள் எறும்பு வந்தால்கூட காகிதத்தில் ஏற்றி வெளியே விடுகிற ஆள். அவனுக்கென்று கறாரான ஒரே விஷயம் பெட்டிகள். கல்லாவுக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாடிக்கையாளரின் பேர் எழுதிய சீட்டு. அவரவர் கேட்ட புத்தகம் புதன்கிழமைதோறும் வந்ததும் அதில் போய் உட்கார்ந்துவிடும். யார் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கட்டின பெண்டாட்டி வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது. வெர்னா ஒருமுறை பல் டாக்டர் ஒருவரின் பெட்டியைப் பற்றி வேடிக்கையாக ஏதோ சொல்லப்போய், லைல் அவளோடு ஒன்பது நாள் பேசவில்லை.

கேஸ் விசாரணைக்கு வந்த அன்று லைலின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்க முடியாது. சொல்ல வேண்டியதைச் சின்ன நோட்டில் எழுதிக் காட்டினான்.

ஜூரிக்காக இருபது பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆறு பேரைப் பொறுக்க வேண்டும். இரண்டாம் வரிசையில் மெர்ல் டோபின் இருந்தார். இரும்புக்கடைக்காரர், சர்ச்சில் பெரிய மனிதர், முப்பத்தேழாம் பெட்டிக்குச் சொந்தக்காரர். ஏழு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் வருவார். லைலின் மேல் வழக்குப் போடக் காரணமான அந்தப் புத்தகத்தின் முதல் இரண்டு பாகங்களும் அவர் வீட்டில் எங்கோ ஒளிந்துகொண்டிருந்தன.

"இந்த மாதிரிப் புஸ்தகத்தை உங்கள்ல யாராவது வாங்கியிருக்கீங்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

டோபின் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கவில்லை.

லைலின் வக்கீல் நாடீன், லைலிடமும் பக்கத்தில் இருந்த வெர்னாவிடமும் குனிந்து கேட்டாள். "அந்தச் சர்ச் பெரியவரை நீக்கிடட்டுமா? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"வேணாம், இருக்கட்டும்," என்றாள் வெர்னா.

"தெரிஞ்சவரா?"

"முகத்தைப் பாத்தா நல்லவரா தெரியுது."

நாடீன் போனதும் வெர்னா லைலின் தொடையைக் கிள்ளினாள். "டேய், ஆறு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் தண்டனை. நம்மாளு ஒருத்தர் உள்ள இருக்காருடா. அது போதும்." லைலின் கண்ணும் சிரித்தது. காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த நோய் உண்டு. தான் படிக்கிறதையே படிக்கிறவன் தன்னைக் கைவிட மாட்டான் என்று நம்புவார்கள்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை அந்தப் புத்தகம் ஏன் கலை என்று ஒன்றரை மணி நேரம் சொன்னாள். அரசு வக்கீல் அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஜூரியைப் பார்த்து, "எங்க பாட்டன் காலத்துலேருந்து காமிக்ஸ் யாரு படிக்கிறது? சின்னப் பிள்ளைங்க. அந்தக் கடைக்கு எதிர்ல பள்ளிக்கூடம் இருக்கு. மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்குங்க," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். விற்றது நாற்பத்தொரு வயதுக்காரனுக்கு என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

நாற்பது நிமிஷத்தில் ஜூரி திரும்பி வந்தது. குற்றவாளி. நாடீன் கேட்டுக்கொண்டபடி நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டார், இதுதான் உங்கள் முடிவா என்று. ஐந்து பேர் முனகினார்கள். டோபின் மட்டும் கணீரென்று, "ஆமாங்க ஐயா" என்றார்.

ஆறு மாதம். தாடை ஆறுவதற்காகப் பத்து நாள் கழித்து வந்து சரணடையலாம் என்றார் நீதிபதி.

காரில் ஏறியதும் வெர்னாவால் அடக்க முடியவில்லை. பேர் சொல்லாமல் நாடீனிடம் கேட்டாள். "ஜூரியில ஒருத்தர் பொய் சொல்லியிருந்தா?"

நாடீன் திரும்பிப் பார்த்தாள். "நிரூபிக்க முடிஞ்சா தீர்ப்பே செல்லாதுன்னு கேக்கலாம். என்ன இருக்கு கையில?"

"எழுதி வச்ச சீட்டு இருக்கு. பட்டியல் இருக்கு."

"அப்போ பட்டியலை முழுசா கோர்ட்ல வைக்கச் சொல்வாங்க. எல்லார் பேரும் வெளிய வரும்."

லைல் பின்சீட்டில் நோட்டில் எழுதினான். வேண்டாம். அதன் கீழே மறுபடி, இன்னும் பெரிதாக, வேண்டாம். வெர்னா நோட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். "ஜெயிலுக்குள்ள இந்த வாயோட உன்னை என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமாடா? உறிஞ்சிக் குடிக்க ஒரு குழாய்கூடத் தர மாட்டாங்க." அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு அவனையே அறையலாம் போலிருந்தது.

அடுத்த புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பலகை அடித்திருந்த வாசல் வழியாக டோபின் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"வெயில் கொளுத்துது. பெட்டியில ஏதும் வந்திருக்கா, லைல்?"

லைல் ஒன்றும் நடக்காதது போல முப்பத்தேழாம் பெட்டியை இறக்கினான். உள்ளே அந்தக் கதையின் நான்காம் பாகம் இருந்தது. காக்கிப் பையில் போட்டு, பேர் எழுதிய சீட்டைப் பையின் மேல் செருகினான்.

"ஏன்யா அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள் வெர்னா.

டோபின் அவளைப் பார்க்காமல் பையை எடுத்தார். "எங்க சர்ச் ஆளுங்க ரெண்டு பேரு அந்த ஜூரி ரூம்ல இருந்தாங்கம்மா. முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. நான் இழுத்தா, இவன் ஏன் இழுக்கறான்னு பாப்பாங்களே. ஆறு மாசம்தானே. நல்ல பையன், சீக்கிரம் விட்டுருவாங்க."

அவர் வாகன நிறுத்தத்தில் நான்கு எட்டு வைப்பதற்குள் வெர்னாவின் மட்டை அவர் முழங்காலின் பின்பக்கம் விழுந்தது. மண்டியிட்டார். அடுத்த அடி தடுக்க வந்த கையில். மணிக்கட்டு தப்பான பக்கம் மடங்கித் தொங்கியது. மூன்றாவது வாயில். பல் சிமெண்டில் தெறித்து ஓடியது. "ஆறு மாசம்தானே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். நான்காவதைத் தலைக்குக் குறிவைத்து ஓங்கியபோது லைல் பின்னாலிருந்து அவள் மேல் மொத்தமாக விழுந்தான். இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். அவன் தாடையிலிருந்து கம்பிக்கு நடுவே ரத்தம் அவள் கழுத்தில் வழிந்தது. இந்த முறை டயர் கடைக்காரர்கள் உடனே போலீஸுக்குப் போன் செய்தார்கள்.

பை கிழிந்து புத்தகம் வெளியே கிடந்தது. வந்த அதிகாரி அதைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"கோர்ட்ல வந்த புஸ்தகத்தோட அடுத்த பாகம்தானே இது? யாருக்கு எடுத்து வச்சது?"

ஸ்டிரெச்சரில் கிடந்த டோபின், வீங்கிய முகத்தோடு வெர்னாவைப் பார்த்தார். "பேரனுக்குப் பிறந்தநாள். ஏதாவது சின்னதா வாங்கலாம்னு வந்தேன்," என்று குழறினார். "இந்தக் கருமம் எனக்குத் தெரியாது."

ஒரு வார்த்தை போதும். பேரைச் சொன்னால் தீர்ப்பு உடையும், தம்பி வீட்டில் இருப்பான், இந்த ஆள் ஊரில் தலை காட்ட முடியாது. வெர்னாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சீட்டு எங்கே என்று தேடினாள். அது லைலின் கைக்குள் கசங்கி இருந்தது. ரத்தம் ஒழுக ஒழுக அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவனுக்குப் பின்னால், உடைந்த கதவு வழியாக, பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன.

"கேக்கறேன்ல? யாருக்கு?"

"எனக்குத்தான்," என்றாள் வெர்னா. "நான் படிக்க எடுத்து வச்சேன். எழுதிக்குங்க."

கையைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டி, காரில் ஏற்றினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். லைல் கடைக்குள் போனான். கசங்கிய சீட்டைக் கல்லாவின் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி நேராக்கினான். காலிப் பெட்டியை எடுத்து அதன் இடத்தில் வைத்து, சீட்டை முன்பக்கம் செருகினான். வெர்னா முன்சீட்டின் கம்பி வலையில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள்.