ஒரு பெட்டிக்கு ஒரு ஆள்

சுனில்தா அம்மாவின் நீலக் கம்பளிச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட்டதும், பின்னாலிருந்து அம்மாவின் பழைய தோழி ஃப்ளோரிந்தா கை நீட்டி அதைக் கழற்றிவிட்டாள்.

"இறுக்கினா அவளுக்கு ஆகாதுடி."

அம்மா எர்மினியா விடிகாலையில்தான் போனாள். எண்பத்தொரு வயசு. தேநீர் கேட்டாள், பாதி குடித்தாள், ரொட்டி காய்ந்துபோச்சு என்று குறை சொன்னாள், கண்ணை மூடினாள். அப்படி ஒரு சாவு.

கட்டிலின் மறுபக்கத்தில் முழ நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் அப்பா.

அப்பா எவாரிஸ்தோ செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். சிலியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷம், ஓர் அக்டோபர் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டால் வேறு ஊருக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை. அம்மாவும், அதேபோல ஆளைப் பறிகொடுத்த ஃப்ளோரிந்தாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும், புதைத்த இடம் தேடி மண்வெட்டியோடு அட்டகாமா பாலைவனத்துக்குப் போனார்கள். நாற்பது வருஷம். கடைசியில் ஒரு குழியில் அகப்பட்ட இரண்டு பல்லும் விரல் நீள எலும்பும் அவர்தான் என்று பரிசோதனை சொன்னது. அதைக்கூட அம்மா புதைக்க விடவில்லை. மிச்சமும் வரட்டும் என்றாள். ஐந்து வருஷம், பெட்டியிடம் நாள் முழுக்க நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். அந்த ஐந்து வருஷத்தில் அவளுக்குக் கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் ஆனது.

போன வாரம் சுனில்தாவைக் கூப்பிட்டாள். "நான் போறப்ப உங்கப்பாவையும் என்னோட வச்சிடு. இனிமே அவரை யார்கிட்டயும் விடாத."

கல்லறை அலுவலகத்தில் முடியாது என்றார்கள். ஒரு சவப்பெட்டிக்கு ஒரு ஆள். இன்னொருவருக்குத் தலைநகரிலிருந்து தனி அனுமதி வர வேண்டும், ஒரு மாசம் ஆகும். அடக்கமோ இன்றைக்கு நாலு மணிக்கு. சுனில்தா பள்ளிக்கூட டீச்சர். எந்தப் படிவத்திலும் பொய் எழுதியவள் இல்லை. பிடிபட்டால் அப்பாவை இரண்டாம் தடவையும் கொண்டுபோய்விடுவார்களே.

"நாப்பது வருஷம் பர்மிட் இல்லாமத்தான தோண்டினோம். மூடுறதுக்கு மட்டும் பர்மிட்டா?" என்றாள் ஃப்ளோரிந்தா. உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றியதும், மரப்பெட்டியை எடுத்து எர்மினியாவின் இடுப்போரம் வைத்து, அவள் கையைத் தூக்கி அதன்மேல் போட்டாள். பழகிய இடம்போலக் கை உட்கார்ந்துகொண்டது. "நீ வாயத் தொறக்காத, போதும். டீச்சருக்குக் கஷ்டந்தான். ஒரு சாயங்காலம் பொறுத்துக்க."

கல்லறை வாசலில் அலுவலர் தாளும் பேனாவுமாக நின்றார்.

"ஒரு ஆள்தானே டீச்சர்?"

சுனில்தாவுக்கு ஆறு வயசு நினைவு வந்தது. அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நின்றது. எங்கே என்று அம்மா கேட்பாள். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் பேனாவையே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். இப்போது அலுவலகம் கேட்கிறது. அவள் பேனாவையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அவர் சவப்பெட்டி மூடியில் முகத்துக்கு நேரே பதித்திருந்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். எர்மினியாவின் முகம் மட்டும் தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதுபோல. சற்று நேரம் பார்த்தவர், ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் குழிவெட்டி மண்வாரியை எடுத்தார். ஃப்ளோரிந்தா கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பாலைவனத்தில் தோண்டியவர்களில் மிஞ்சியிருந்த நாலு கிழவிகளும் கைத்தடியைக் கீழே போட்டு மண்மேட்டைச் சுற்றி மண்டியிட்டார்கள். குழாய் போடத் தெருவைத் தோண்டினால்கூட அந்த மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் அவர்களால் தாண்டிப்போக முடியாது. பாதிரியாருக்கும் இது தெரியும். ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டு ஓரமாய் நின்றார். கிழவிகள் ஒவ்வொரு கட்டியாக உடைத்து, கல்லைப் பொறுக்கிப் போட்டு, மண்ணை விரலிடுக்கில் தேய்த்து விட்டார்கள்.

அலுவலரும் கால்சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளையாக ஒன்றை எடுத்து, "இது?" என்றார்.

ஃப்ளோரிந்தா அதை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். எலும்பென்றால் ஒட்டும்.

"கல்லு. ஆனா உனக்குக் கண்ணு நல்லாருக்கு தம்பி. ஞாயித்துக்கிழமை எங்களோட வா."

கிழவிகள் சிரித்தார்கள். சுனில்தாவும்.

அரைமணி கழித்துத்தான் குழிவெட்டிக்கு உத்தரவு கிடைத்தது. பலகையில் மண் விழும் சத்தத்துக்காக சுனில்தா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தமே வரவில்லை. கல்லும் கட்டியும் இல்லாமல், மாவுபோல இறங்கியது மண்.